கடல்நீர்த் தொட்டியில் கலங்கல்: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): அண்ணை, புது உப்புத் தொட்டி. மணல் போட்டு மூன்று நாளாச்சு, இன்னும் பால் மாதிரி இருக்கு. தண்ணியை முழுக்க மாத்தட்டோ?

பதில்: வேண்டாம் தம்பி. அது எந்தக் கலங்கல் என்று முதலில் பார்ப்போம். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் எடுத்து ஆடாத இடத்தில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் மேலே தெளிந்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் மணல் தூசி. அப்படியே மங்கலாக நின்றால் பெரும்பாலும் பற்றீரியா. தூசி என்றால் ஃபில்டரில் நெருக்கமான பஞ்சு போட்டு, தினமும் எடுத்து அலசுங்கள். மோட்டரில் தண்ணீர் வெளிவரும் வாய் மணலைப் பார்க்காமல் மேலே திரும்பி இருக்கட்டும். பற்றீரியா என்றால் அது ஒட்சிசனை இழுக்கும். காற்றுக்கல்லை நிறுத்தாமல் ஓட விடுங்கள், சில நாளில் தானே அடங்கும். எதுவானாலும் மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூச்சியம் காட்டும்வரை மீன் விடாதீர்கள்.

கேள்வி (வவுனியா): எனக்கும் கலங்கல்தான். மணலைக் கழுவித்தானே போட்டேன்?

பதில்: தம்ளர் சோதனை உங்களுக்கும்தான். அடுத்த முறை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கை விட்டுக் கிளறி, வழியும் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் விடும்போது மணல் மேல் ஒரு பீங்கான் கோப்பையை வைத்து அதற்குள் ஊற்றுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): கடற்கரை மணல் சும்மா கிடக்க, ஏன் காசுக்கு வாங்க வேணும்?

பதில்: கடையில் விற்பது அரகனைட், அதாவது கல்சியம் காபனேற்று. நம் கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். தண்ணீரின் காரத்தன்மை விழாமல் தாங்க அது உதவாது. கொக்கிளாய்ப் பக்கம் கருமணலும் கலந்திருக்கும். அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் மோட்டரின் சுழலிக்குள் போனால் தேய்த்துவிடும். கரையில் ஒதுங்கும் பவளத்தையும் அள்ளாதீர்கள்.

இடையில் ஒருவர்: நந்திக்கடல் தண்ணியில எங்கட இறால் வளருதே, மீன் வளராதோ?

பதில்: அந்த இறால் உப்பு ஏறி இறங்குவதைத் தாங்கும். மாரி மழையில் களப்பின் உப்பு விழும், கோடையில் ஏறும். பவளப்பாறை மீனுக்கு அடர்த்தி 1.025 அளவில் நிலையாக நிற்க வேண்டும். களப்புத் தண்ணீரோடு வண்டலும் சேர்ந்துதான் வரும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (மாங்குளம்): வற்றின அளவுக்கு கிணத்துத் தண்ணி விடலாமோ?

பதில்: கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தொட்டியிலும் சேரும். ஆர்.ஓ. தண்ணீர், அதாவது கரைந்த உப்புகளை வடித்தெடுத்த தண்ணீர் விடுங்கள். உப்புக் கலக்க வேண்டாம். வற்றியது தண்ணீர் மட்டும்தான்.

கேள்வி: மணல் மேல் மண்ணிறப் படலம்?

பதில்: டயற்றம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வரும், போகும்.

கேள்வி: தண்ணி தெளிஞ்சிட்டுது, இண்டைக்குக் கோமாளி மீன் விடலாமோ?

பதில்: அமோனியா பார்த்தீர்களா? பார்க்காமல் விடாதீர்கள். முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.