கார்டு தொலைந்துவிட்டது என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: கரூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கூடப் படித்த நண்பன், “ஆன்லைன் கேமிங் கம்பெனிக்கு ஒரு கரண்ட் அக்கவுண்ட் வேண்டும், வருகிற பணத்தில் 2 சதவீதம் உனக்கு” என்றான். நம்பி, கடைக் கணக்கின் ஏடிஎம் கார்டு, சிம், நெட் பேங்கிங் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் கொடுத்தேன். ஆறு நாளில் 11 லட்சம் வந்து போனது. எனக்கு 22,000 கமிஷன் கிடைத்தது. இப்போது கணக்கு முடங்கிவிட்டது. மீதமுள்ள 1,18,000 ரூபாயில் 64,000 என் கடைப் பணம். மொத்தம் 2,55,000 ரூபாய்க்கு மூன்று புகார்கள் இருப்பதாக வங்கி சொல்கிறது. அதில் 1,75,000 ரூபாய் புகாரில் தெலங்கானாவில் எஃப்ஐஆர் போட்டு, போலீஸ் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். நண்பன் போனை எடுப்பதில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் முடக்கிய வங்கி மேல் வழக்குப் போடலாமா? கார்டு தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடு என்கிறார் மாமா. சரியா?

பதில்: வங்கி மேல் வழக்கு வேண்டாம். போலீஸ் கேட்டார்கள், முடக்கினோம் என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். நண்பன் துரோகம் செய்தது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதுவும் உங்களை வெளியே கொண்டுவராது. இந்த வழக்கில் கேட்கப்போவது ஒன்றுதான்: கார்டையும் சிம்மையும் கொடுத்தபோது, வரப்போவது மோசடிப் பணம் என்று உங்களுக்குத் தெரியுமா, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்ததா?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு, ஏமாற்றிப் பறித்த பணத்தையும் திருட்டுச் சொத்து என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் வரையறையில் ஏமாற்றுதல் இல்லை. ஆகவே அப்படிப்பட்ட பணம் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற எண்ணத்துடன் வாங்கினால் மூன்றாண்டு வரை தண்டனை உண்டு. கூடவே ஏமாற்றிப் பணம் பறித்ததற்கான 318(4), கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவுகளையும் சேர்ப்பார்கள். கார்டை மட்டும் கொடுத்திருந்தால் ஏமாந்தேன் என்று சொல்ல இடம் அதிகம். சிம்மையும் கொடுத்து சதவீதக் கணக்கில் கமிஷனும் வாங்கியதுதான் உங்களுக்கு எதிரான கனமான சாட்சி. உங்களுக்குச் சாதகமாக இருப்பது நண்பனுடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு. கேமிங் கம்பெனி என்று அவன் எழுதியது அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இப்படிக் கணக்கைக் கொடுத்து மாட்டியவர்களில் பலர் கெட்டது அந்த ஒரு வரியால்தான். கார்டு தொலைந்தது என்றால் ஏன் வங்கிக்குச் சொல்லி பிளாக் செய்யவில்லை என்பது முதல் கேள்வி. சிம் எப்படிப் போனது என்பது இரண்டாவது. கமிஷன் எப்படி உங்களிடம் வந்தது என்பது மூன்றாவது. நெட் பேங்கிங் எந்த ஐபி முகவரியிலிருந்து திறக்கப்பட்டது, அந்த சிம் எந்த டவரில், எந்த ஐஎம்இஐ எண் (போனின் அடையாள எண்) கொண்ட போனில் ஓடியது, ஏடிஎம் கேமராவில் யார் முகம் பதிந்தது எல்லாம் போலீஸ் கேட்டு வாங்கும் சாதாரண ஆவணங்கள். பொய் உடைந்த அந்த நிமிடமே “தெரியாமல் கொடுத்தேன்” என்ற உங்கள் ஒரே எதிர்வாதமும் போய்விடும். தெரியாதவன் ஏன் பொய் சொன்னான் என்று நீதிமன்றம் கேட்கும். அதற்குப் பதில் கிடையாது.

இதே காரணத்தால் எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் சாட்டை அழிப்பவர்கள், போனை ரீசெட் செய்பவர்கள் தங்களுக்குச் சாதகமான சாட்சியைத் தாங்களே அழிக்கிறார்கள். சாட்சியத்தை மறைத்ததாக 238-வது பிரிவும் கூடுதலாக வரும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது. போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து தனியாக வையுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண், இருக்கும். ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸ் செல்லாது என்று யாராவது தைரியம் சொல்வார்கள். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3)) வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொன்னது உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருந்தால், முறையான நோட்டீஸ் வரும் நாளில் நீங்கள் தயாராக இருக்கமாட்டீர்கள். முதலில் அந்தக் காவல் நிலையத்தின் அதிகாரபூர்வ எண்ணை நீங்களே தேடிப் பேசி, நோட்டீஸ் உண்மையா என்று உறுதி செய்யுங்கள். பிறகு வக்கீல் மூலம் எழுத்தில் பதில் அனுப்பி, ஆஜராகத் தேதி கேளுங்கள். எஃப்ஐஆர் நகலில் நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது அமைப்பு சார்ந்த குற்றம், குறைந்தபட்சமே ஐந்தாண்டு. அது இருந்தால், ஏழாண்டு வரையான குற்றங்களில் எளிதில் கைது செய்ய மாட்டார்கள் என்ற பாதுகாப்பை நம்பிப் போகக்கூடாது. வழக்கு வேறு மாநிலத்தில் இருந்தாலும் இங்கேயே குறுகிய கால முன்ஜாமீன் கேட்கலாம். 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. போவதற்கு முன் வாங்குங்கள், போன பிறகு அல்ல.

பணத்துக்கு வருவோம். தகராறான தொகையை மட்டுமே எடுக்க முடியாமல் பிடித்து வைத்து (லியன்), மற்றதை விடுவிக்கச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புத் தந்திருக்கிறது. அதைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம் என்பார்கள். உங்களுக்கு அதனால் லாபமில்லை. புகார்த் தொகை 2,55,000, கணக்கில் இருப்பது 1,18,000. விடுவிக்க எதுவும் மிஞ்சாது. கடை க்யூஆர் ஸ்டிக்கரை உடனே மாற்றுங்கள், புது வரவும் அதே கணக்கில் விழுந்து மாட்டுகிறது.

என் கருத்தில் சமரசம்தான் வழி. 64,000 ரூபாய்க்காக எத்தனை முறை தெலங்கானா போய் வருவீர்கள்? முடங்கிய பணத்தைப் புகார்தாரர்களுக்கு விடுவிக்க ஆட்சேபம் இல்லை என்று, எஃப்ஐஆர் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு கொடுங்கள். 22,000 கமிஷனையும் அங்கேயே கட்டுங்கள். 318(4) நீதிமன்ற அனுமதியோடு சமரசம் ஆகக்கூடிய குற்றம். கும்பல் வழக்கு என்று அனுமதி மறுக்கப்படலாம். அப்போதும், பணம் திரும்பியது ஜாமீன் வாதத்தில் எடைபோடும்.

ஆனால் புகார்தாரருக்கு ஜிபே செய்துவிட்டு “முடிந்தது” என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பியது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வாசிக்கப்படும். அவர் புகாரைத் திரும்பப் பெறக் கட்டாயமும் இல்லை. பணம் கொடுத்தால் டிடி-யாக, நீதிமன்றம் வழியாக, வழக்கில் உங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி என்று எழுதிக் கொடுங்கள். 11 லட்சத்தில் 2,55,000-க்குத்தான் இதுவரை ஆள் வந்திருக்கிறார்கள். மற்றவர்களும் வரலாம் என்பதால் கையிலிருக்கும் மொத்தத்தையும் ஒருவருக்கே கொட்டிவிடாதீர்கள். கணக்கைத் திறக்க போலீஸிடம் என்ஓசி (ஆட்சேபமில்லைச் சான்று) வாங்கித் தருகிறேன் என்று போன் செய்யும் தரகர்களிடம் ஒரு ரூபாயும் வேண்டாம்.

நண்பன் மேல் கரூர் மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் இந்த வாரமே புகார் கொடுங்கள். கமிஷன் வாங்கியதை மறைக்காமல், ஆனால் வக்கீலிடம் காட்டிவிட்டு. தெலங்கானாவில் சொல்லப்போவதும் அதே வரிகளாக இருக்க வேண்டும்.