நோட்டில் 900 வெள்ளி நட்டம், கார்டில் 3,000 வெள்ளி கடன்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 31. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 3,900 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஒன்பது மாதமாக வாரக் கடைசி இரவுகளில் தீவில் ஒரு நண்பரின் காண்டோ வீட்டில் ஹோல்டெம் போக்கர் விளையாடுகிறேன். பிளைண்ட் (கார்டு போடும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய தொகை) 1–2 வெள்ளி, பை-இன் (மேசையில் உட்காரக் கொண்டுவரும் பணம்) 200. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் 5 விழுக்காட்டை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். முதல் நான்கு மாதத்தில் 2,150 வெள்ளி லாபம். பிறகு இறங்குமுகம்தான். ஏஸ் ஜோடியோடு ஆல்-இன் (முன்னாலுள்ள மொத்தப் பணத்தையும் வைத்து) போனால் எதிரே கிங் ஜோடி. கடைசிக் கார்டில் கிங் விழுகிறது. இப்போது மொத்தத்தில் 900 வெள்ளி நட்டம். கிரெடிட் கார்டில் 3,000 வெள்ளி ரொக்கம் எடுத்திருக்கிறேன். ஊழியர் சேமநிதியின் ஃபிளெக்சிபெல் கணக்கில் 4,000 இருக்கிறது. அதை எடுத்து 2–5 பிளைண்ட் மேசைக்குப் போனால் இழந்ததை மீட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. பக்கத்தில் நின்று பார்த்தேன், அங்கே ஆடுபவர்கள் என்னைவிட மோசம். எடுக்கலாமா? கூட ஆடும் ஒருவர் எனக்கு 400 வெள்ளி தரவேண்டும், அதை எப்படி வாங்குவது? என் ஆட்டக் கணக்கு நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பட்டர்வொர்த்

பதில்: எடுக்காதீர்கள், தம்பி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. போக்கரை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவன் அல்ல நான். நன்றாக ஆடுபவருக்கும் சுமாராக ஆடுபவருக்கும் நிச்சயம் வித்தியாசம் உண்டு. நீங்கள் ஒவ்வோர் இரவும் தேதி, நேரம், போட்ட பணம், எடுத்த பணம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். சூதாட்டப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டு எழுதுகிறவர்களில் இப்படிக் கணக்கு வைப்பவர்கள் அபூர்வம். அதனால்தான் உங்களிடம் வெளிப்படையாகப் பேச முடிகிறது.

70 இரவுகள், இரவுக்குச் சராசரி 4 மணி நேரம், ஆக 280 மணி நேரம். நேரில் கார்டு போட்டு ஆடும்போது மணிக்கு 28 ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும் 8,000 ஆட்டத்தைத் தொடவில்லை. இது மிகவும் குறைவு. பந்தயத்திற்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஹோல்டெமில் 100 ஆட்டத்திற்குச் சராசரியாக 90 பெரிய பிளைண்ட் அளவுக்குப் பணம் மேலேயோ கீழேயோ ஆடும். உங்கள் மேசையில் அது 180 வெள்ளி. 8,000 ஆட்டம் என்பது இதைப்போல் 80 மடங்கு; ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஓரளவு கழித்துவிடுவதால் 80ஆல் பெருக்காமல் அதன் வர்க்கமூலமான ஏறக்குறைய 9ஆல் பெருக்கிப் பார்த்தால், லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்கிற தரத்தில் ஆடும் ஒருவர்கூட வெறும் கார்டு விழுகிற விதத்தாலேயே 1,600 வெள்ளி மேலேயோ கீழேயோ நிற்கலாம். மூன்றில் இரண்டு பேர் இந்த எல்லைக்குள் இருப்பார்கள். மூன்றாமவர் அதையும் தாண்டியிருப்பார். உங்கள் 900 வெள்ளி நட்டம் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. முதல் நான்கு மாத லாபமும் அப்படித்தான், நீங்கள் கெட்டிக்காரர் என்பதற்கு அது சாட்சி ஆகாது. பின்னால் வந்த சரிவும் உங்களைத் துரதிர்ஷ்டக்காரர் ஆக்கிவிடவில்லை. அந்த ஏஸ் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிங் ஜோடிக்கு எதிராக அது 100 தடவையில் ஏறக்குறைய 82 தடவை ஜெயிக்கும். 18 தடவை தோற்கும். தோற்ற அந்த 18தான் இரவில் தூங்கவிடாமல் செய்கிறது. ஜெயித்த 82 இரண்டு நாளில் மறந்துபோகிறது.

அப்புறம் அந்த 5 விழுக்காடு. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். 1–2 மேசையில் நடுவில் சராசரியாக 40 வெள்ளி சேர்வதாக வைத்தால் வீட்டுக்காரர் ஆட்டத்திற்கு 2 வெள்ளி எடுக்கிறார். மணிக்கு 28 ஆட்டம் என்றால் 56 வெள்ளி. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால் தலைக்கு 7 வெள்ளி. 280 மணி நேரத்தில் உங்கள் பங்கு மட்டும் 1,960 வெள்ளி. நீங்கள் தோற்றதோ 900. அதாவது, கூட ஆடியவர்களிடம் நீங்கள் தோற்கவே இல்லை. அவர்களைவிட ஆயிரம் வெள்ளி முன்னால்தான் இருந்திருக்கிறீர்கள். அதையும் அதற்கு மேலும் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அந்த எட்டு நாற்காலியில் உட்கார்ந்து மாதக் கடைசியில் லாபத்தோடு எழுபவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். ஒவ்வோர் இரவும் கட்டாயம் லாபத்தோடு எழுபவர் அந்த வீட்டுக்காரர் ஒருவர்தான்.

சரி, 900 தானே நட்டம், கார்டில் ஏன் 3,000? நோட்டையும் கடிதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. லாபம் வந்த மாதங்களில் 1,600 வெள்ளிக்குக் கைத்தொலைபேசி வாங்கியிருக்கிறீர்கள். ஓரத்தில் ‘போக்கர் பணம்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கையில் மிச்சம் 550. பிறகு 3,050 தோற்றபோது 2,500 வெள்ளி வேறெங்கிருந்தோ வரவேண்டியிருந்தது. நோட்டின் பின்பக்கத்தில் ‘கெந்திங் டிரிப்’ என்று தனியாக இரண்டு வரி. அங்குள்ள கேசினோவின் போக்கர் மேசையில் இடம் கிடைக்காமல், பக்காராட் என்னும் சீட்டாட்டத்தில் உட்கார்ந்து 1,200 வெள்ளி போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்து 3,700. அதில் 3,000 கார்டிலிருந்து, 700 சம்பளத்திலிருந்து. ஜெயித்த பணம் செலவாகிவிட்டது, தோற்ற பணம் கடனாகிவிட்டது. நோட்டின் கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. ஆனால் பணம் ஒரே பெட்டியில் இல்லாததால் உங்களுக்கு உண்மை நிலை தெரியவில்லை.

பக்காராட்டைப் பற்றி ஒரே வரி: அங்கே திறமைக்கு இடமில்லை, எந்தப் பக்கம் வைத்தாலும் சூதாட்ட விடுதிக்குத்தான் சாதகம். அந்த 1,200ஐத் தனிப் பக்கத்தில் வைக்காமல் மொத்தக் கணக்கில் சேருங்கள். பெட்ரோல், பாலத்து டோல், ஆட்டம் முடிந்து மாமாக் கடையில் சாப்பிட்டது எல்லாம் இரவுக்கு 25 வெள்ளி என்று வைத்தால் இன்னொரு 1,750. ஒன்பது மாதத்தில் இந்தப் பழக்கம் உங்கள் குடும்பத்திற்கு வைத்த செலவு 3,850 வெள்ளி, மாதம் 430.

உங்கள் நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. ஜெயித்த இரவுகளில் சராசரியாக இரண்டரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறீர்கள். தோற்ற இரவுகளில் ஐந்தரை மணி நேரம். ஒரு சனிக்கிழமைப் பக்கத்தில் 200, 200, 200, 100 என்று நான்கு முறை பணம் போட்டிருக்கிறது. எழுந்த நேரம் விடியற்காலை 4.40. அந்த நேரத்தில், அந்த மனநிலையில் யாராலும் நிதானமாக ஃபோல்டு செய்ய (கார்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலக) முடியாது. நல்ல மனதோடு குறைந்த நேரமும், நொந்த மனதோடு அதிக நேரமும் ஆடியிருக்கிறீர்கள். கார்டு விழுவதை உங்களால் மாற்ற முடியாது, ஆனால் இது முழுக்க உங்கள் கையில் இருந்த விஷயம்.

இப்போது 2–5 மேசைக்கு வருவோம். பெரிய பிளைண்ட் 2 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி ஆகும்போது, நான் சொன்ன அந்த 1,600 வெள்ளி ஊசலாட்டம் 4,000 ஆகிவிடும். உங்கள் ஃபிளெக்சிபெல் கணக்கில் இருப்பது சரியாக அதே தொகை. நீங்கள் தப்பே செய்யாமல் ஆடினாலும், கார்டு மட்டும் கொஞ்சம் எதிராக விழுந்தால் மொத்தமும் போய்விடும். 500 வெள்ளி பை-இன் என்றால் 4,000 என்பது 8 பை-இன்தான். ஆட்டத்தை ஆழமாகப் படித்தவர்கள் 20லிருந்து 30 பை-இன் வரை கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு மேசையில் உட்காருவார்கள். அதுவும், போனாலும் வீட்டு அடுப்பு அணையாது என்கிற பணமாக இருக்கும். இழந்ததை மீட்க மேலே போகிறவர் கூடவே பயத்தையும் கொண்டுபோகிறார். எதிரே இருப்பவர்களுக்கு அது தெரியும்.

2024 மே மாதத்திலிருந்து சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு ஃபிளெக்சிபெல் கணக்கிற்குப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல், கார் நின்றுபோனது, வேலையில் ஆள்குறைப்பு என்று வந்தால் எடுக்க வேண்டிய பணம் அது. 2024க்கு வாரியம் கொடுத்த லாபஈவு 6.30 விழுக்காடு.

உடனே நீங்கள் கேட்கலாம்: ‘கார்டுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. அப்படியானால் 3,000ஐ அதிலிருந்து எடுத்துக் கடனை அடைத்துவிடலாமே?’ வேறு யாராவது, மருத்துவச் செலவால் வந்த கடனுக்குக் கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், மாதம் 45 வெள்ளி. உண்மைதான். ஆனால் விளையாட்டுக்குப் போன அதே 430 வெள்ளியை மாதாமாதம் கார்டுக்குக் கட்டினால் எட்டாவது மாதத்தில் கடன் தீர்ந்துவிடும், மொத்த வட்டி 200 வெள்ளிக்குள் அடங்கும். சேமநிதியை எடுத்து ஒரே நாளில் அடைத்தால் அதில் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் மறுநாளே கார்டில் 3,000 வெள்ளி வரம்பு காலியாக உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அந்த ஆபத்தை நான் எடுக்க விரும்பவில்லை. வங்கியை அழைத்து ரொக்கம் எடுக்கும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள், கார்டு வரம்பையும் குறைக்கச் சொல்லுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

கடன் தீரும்வரை அந்த காண்டோவுக்குப் போகவேண்டாம். பணத்திற்காக மட்டும் சொல்லவில்லை. ஆட்டப் பணத்தில் பங்கு எடுத்துக்கொண்டு வெளியாட்களையும் உட்காரவைக்கும் வீடு, 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இடங்கள் சட்டத்திற்குள் வந்துவிடும். போலீஸ் வந்தால் நடத்துகிறவரோடு விளையாடுகிறவர்களையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். நாட்டில் உரிமம் பெற்ற ஒரே கேசினோ கெந்திங்கில்தான் இருக்கிறது. உங்கள் வேலையை நினைத்துப் பாருங்கள்.

அந்த 400 வெள்ளி: கேட்டுப் பாருங்கள், தந்தால் வாங்கி நேராகக் கார்டில் கட்டுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 31ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, நீதிமன்றத்தில் கேட்க முடியாது. அதை ஈடுகட்ட அவரோடு இன்னொரு ராத்திரி உட்காராதீர்கள். பணம் தட்டுப்பாடானால் ஆலோங் (உரிமமில்லாமல் வட்டிக்கு விடுகிறவர்) பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். கடன் கைமீறுவதாகத் தெரிந்தால் ஏகேபிகேக்குப் போங்கள். 2006இல் பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. விளையாடாமல் இருக்க முடியவில்லை, கை பரபரக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவிக்கு நீங்கள் விளையாடுவது தெரியுமா என்று கடிதத்தில் இல்லை. கார்டுக் கடன் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த நோட்டை அவரிடம் கொடுத்து, பின்பக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். மாதம் 430 வெள்ளியைச் சம்பளம் வந்த அன்றே கார்டுக்கு மாற்றும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மாத அறிக்கை வந்ததும் மீதித் தொகையை எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு திட்டமிடலாம்.