படிப்புக்கு ஆன செலவு கொஞ்சம், மறைக்க ஆன செலவு அதிகம்

கேள்வி: எனக்கு வயது 44. ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மேலாளர் பதவிக்கு டிப்ளமோ கட்டாயம் என்பதால் ஒரு வருடமாக மாலை வகுப்பில் படித்து வருகிறேன். இன்னும் ஒரு வருடம் பாக்கி. வீட்டில் யாருக்கும் தெரியாது. இளம் வயதில் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். இந்த முறையும் தோற்றால் மனைவி, மகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். ஓவர்டைம் என்றால் பணம் வர வேண்டுமே? அதற்காக மாதாமாதம் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து வீட்டில் கொடுக்கிறேன். என் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொகை 6. படிப்புக் கட்டணம் ஆறு மாதத்துக்கு 8. அதைத் தனியாக வரும் பயணப்படியில் கட்டிவிடுகிறேன். கார்டுக்கு வட்டி மாதம் 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு அதே அளவை மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன். மகளின் மேற்படிப்புக்காக என் பெயரில் போட்டிருக்கும் வைப்பு நிதியை முறித்து, சத்தமில்லாமல் கடனை அடைத்துவிடலாமா? தேர்வே இல்லாமல் மூன்று வாரத்தில் டிப்ளமோ தருவதாக ஒரு நிறுவனம் விளம்பரம் செய்கிறது. அதற்கு மாறிவிட்டால் சிக்கல் சீக்கிரம் தீருமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படிப்பை விடாதீர்கள். பகலெல்லாம் கிடங்கில் நின்றுவிட்டு மாலையில் பாடப் புத்தகத்தோடு உட்காருவது எளிதான காரியமில்லை. அதை ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் தவறு இருக்கும் இடம் படிப்பு அல்ல.

நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். ஒரு வருடத்தில் படிப்புக்குக் கட்டியது 16. 'ஓவர்டைம்' என்று வீட்டில் கொடுத்தது மாதம் 6 வீதம் 72. கட்டியதையே திரும்ப எடுப்பதால் அசல் குறையவே இல்லை. வட்டி குட்டி போட்டு இன்றைய பாக்கி ஏறக்குறைய 85 ஆகியிருக்கும். இதே போக்கில் இன்னும் ஒரு வருடம் போனால், நீங்கள் டிப்ளமோ வாங்கும் நாளில் கடன் 206-ஐத் தாண்டும். இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். மொத்தப் படிப்புக்கும் ஆகும் கட்டணமோ வெறும் 32. உங்களைக் கடனாளி ஆக்கியது கல்லூரி அல்ல, படிப்பதை மறைக்க நீங்கள் கொடுக்கும் விலை.

கார்டில் ரொக்கம் எடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு. பொருள் வாங்கினால் வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். ரொக்கத்துக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், எடுப்பதற்கென்று தனிக் கட்டணமும் பிடிப்பார்கள். முந்தைய பாக்கி நிலுவையில் இருக்கும்போது அதே கார்டில் வீட்டுச் சாமான் வாங்கினால், பெரும்பாலான கார்டுகளில் அதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். அறிக்கையில் 'நிதிக் கட்டணம்' என்ற வரியை மட்டும் மாதவாரியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை தெரிந்த பிறகு கார்டை எடுத்துக்கொண்டு பண இயந்திரத்துக்குப் போக உங்களுக்கே மனம் வராது.

ஆகவே இந்த மாதத்திலிருந்து அந்த 6 நிற்க வேண்டும். நின்றால் மனைவி கேட்பார். கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுவதுதான் என் ஆலோசனை. படிப்பை உறவினர்களிடமோ நண்பர்களிடமோ சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. தேர்ச்சி பெற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரே வரவு செலவில் குடும்பம் நடத்தும் துணையிடம் கடனை மறைக்கும்போது, அவர் போடும் ஒவ்வொரு கணக்கும் தப்பாகிறது. இல்லாத 6-ஐ வருமானம் என்று நம்பி அவர் ஏதேனும் சீட்டோ தவணையோ தொடங்கியிருக்கலாம். அதையும் விசாரித்து அறியுங்கள்.

சொல்லும்போது கட்டண ரசீதையும் கார்டு அறிக்கையையும் ஒன்றாக மேசையில் வையுங்கள். படிப்பை இன்று சொல்லி, கடனை அடுத்த மாதம் சொல்லாதீர்கள். இரண்டாவது முறை தெரியவரும்போது முதலில் சொன்னதையும் அவர் நம்ப மாட்டார். கோபம் வரத்தான் செய்யும், வரட்டும். ஆனால் இந்த வயதில் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கான ஜி.இ.டி. தேர்வு 1942-ல் அமெரிக்கப் படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் அமைக்கப்பட்டு 1971-ல் பாடம் நடத்தத் தொடங்கியது. வேலையும் குடும்பமும் வந்த பிறகு படிக்க வருபவர்கள் ஏராளம் என்பதால்தான் இப்படிப்பட்ட அமைப்புகளே உருவாயின.

இனி வைப்பு நிதி. மாதம் 3 சதவீத வட்டிக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு, அதைவிட மிகக் குறைந்த வட்டி தரும் சேமிப்பைத் தொடாமல் காப்பது கணக்குப்படி நஷ்டம்தான். ஆனாலும் உடனே முறிக்க வேண்டாம். வைப்பு நிதியை ஈடாக வைத்து வங்கியில் கடன் கேளுங்கள். அதற்கான வட்டி, வழக்கமாக வைப்பு நிதி வட்டியைவிட ஓரிரு சதவீதம்தான் அதிகமாக இருக்கும். அந்தப் பணத்தில் கார்டு பாக்கியை ஒரே முறையில் அடைத்துவிட்டு, கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதியை முடக்கச் சொல்லுங்கள். வங்கிக் கடனுக்கு மாதம் 5 கட்டினால் ஒன்றரை வருடத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மகளின் பணம் இருந்த இடத்திலேயே இருக்கும். அது மகளுக்கென்று இருவரும் சேர்த்த பணம் என்பதால், ஈடு வைக்கும் முன் மனைவியின் சம்மதம் வேண்டும், உங்கள் ஒருவர் கையெழுத்தே சட்டப்படி போதும் என்றாலும். 6 வராது, 5 வெளியே போகும் என்பதால் வீட்டு பட்ஜெட்டில் 11 துண்டு விழும். எந்தச் செலவைக் குறைப்பது என்பதை இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

தேர்வில்லாத டிப்ளமோ பக்கமே போகாதீர்கள். அது படிப்பு அல்ல, காகித வியாபாரம். பதவி உயர்வின்போது நிறுவனம் சான்றிதழைச் சரிபார்த்தால், கிடைக்கவிருந்த பதவி மட்டுமல்ல, இருக்கும் வேலையும் போகும். ஒரு வருட உழைப்பை அதற்காகவா தூக்கி எறிவது?

மேலாளர் பதவிக்கு எவ்வளவு உயர்வு என்று நீங்கள் எழுதவில்லை. அது மாதம் 8 என்றால்கூட நான்கு மாதத்தில் மொத்தக் கட்டணமும் திரும்பிவிடும். ஆனால் டிப்ளமோ வாங்கினால் பதவி உறுதியா, அல்லது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தானா என்பதை மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அப்போதே ஊழியர் கல்விக்கு உதவித்தொகை உண்டா என்றும் கேளுங்கள். பல நிறுவனங்கள் தேர்ச்சிக்குப் பின் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. கேட்காதவர்களுக்குத் தேடி வந்து கொடுப்பதில்லை. அப்படிக் கிடைத்தால், பணம் பெற்ற பிறகு எத்தனை வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.