வரலாறு, இலக்கியம் படிக்கிறவர்களுக்குச் செய்முறைப் பயிற்சி எதற்கு?

அறிவியல் படிக்கிறவர்களுக்கு லேப் வேண்டும், சரி. கலைப் பிரிவுக்குப் புத்தகம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. என் அனுபவத்தையே சொல்கிறேன்.

பெங்களூரில் பி.ஏ. வரலாறு படித்தேன். முதல் வருடம் முழுக்க நோட்ஸ்தான். சோழர் ஆட்சிமுறை பற்றி ஆறு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன், ஒரு கல்வெட்டைக்கூடக் கிட்டப் போய்ப் பார்க்காமல். இரண்டாம் வருடம் வந்த மேடம்தான் எங்களை டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்கு அழைத்துப் போனார். தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற இடம். அங்கே 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அழகியார் என்பவர் இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த செய்தியும் அவற்றில் ஒன்று. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வளர்ந்த எனக்கு, எங்கள் ஊர்க் கல்லிலேயே தமிழ் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அப்புறம், முறையாக அனுமதி வாங்கிய வேறொரு கல்வெட்டில் மைப்படி எடுக்கவும், அதாவது எழுத்தைத் தாளில் மையால் பதிந்தெடுக்கவும், கற்றுக்கொடுத்தார்கள். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்குகிற வரை பிரஷ்ஷால் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் கிழிந்துவிடும். என் முதல் தாள் அப்படித்தான் போனது. கொஞ்சம் உலர்ந்த பிறகு மையை ஒற்றினால் மேடான இடமெல்லாம் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். அது வருவதைப் பார்க்கிற சந்தோஷம் தனி.

படிக்க உட்கார்ந்தபோதுதான் உண்மையான பாடம் தொடங்கியது. மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. கொ, கோ வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோல இருப்பதால் 'கர' என்றும் படிக்கலாம், 'கா' என்றும் படிக்கலாம். ஒரே ஒரு சொல்லுக்காக நாங்கள் நான்கு பேர் ஒரு மணி நேரம் வாதாடினோம். பிறகு நூலகத்தில் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற கல்வெட்டுத் தொகுப்பு வரிசையின் 9-ஆம் தொகுதியை எடுத்தேன். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள், 1905-இல் வந்தது. சிதைந்த இடங்களில் வெறும் புள்ளிகள் போட்டிருந்தார்கள். முன்பு என்றால் அவற்றைத் தாண்டிப் போயிருப்பேன். இப்போது அங்கேயே நின்றேன். ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் வெயிலில் நின்று படியெடுத்து, யோசித்து, 'இதுதான்' என்று முடிவுசெய்த வரி. அந்த முடிவு தவறாகவும் இருக்கலாம். இதை எந்த நோட்ஸும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

ஆனால் ஒன்று. வெளியே கூட்டிப்போவதெல்லாம் செய்முறை ஆகாது. மேடம் எங்களைப் பழைய எழுத்து வடிவங்களை இரண்டு வாரம் எழுத வைத்த பிறகுதான் கிளம்பினார். பின்னாளில் ஒரு கல்லூரியில், கோயில் வாசலில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியதைக் களப்பயணம் என்று கணக்கு காட்டினார்கள். அதைப் பார்த்து மனசு வலித்தது.

இப்போது நானும் பாடம் எடுக்கிறேன். வாய்மொழி வரலாறு வகுப்பில், கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பத்து மாணவி ஒருத்தி தன் தாத்தாவைப் பேட்டி எடுத்தாள். 2001-இல் மூடப்பட்ட சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். பதிவைக் கேட்டு வரிவரியாக எழுதும்போது அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். நிலத்தடியில் பாறை வெடித்த நாளைப் பற்றிச் சொல்ல வந்து தாத்தா நிறுத்துகிறார். அந்த மௌனத்தைத் தாங்காமல் இவள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாள் இல்லாமல் போய் உட்கார்ந்து, "அன்னிக்கு என்ன ஆச்சு தாத்தா?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். நாற்பது நிமிடம் பேசினாராம். அவள் பாட்டிக்கே தெரியாத கதை அது.