‘கிடைக்குமா?’ என்று கேட்ட பண்ருட்டித் தாய்க்கு

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் என் அறையை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்கள்: “சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார், என் பெண்ணுக்கு அந்த அமெரிக்கக் கல்லூரி கிடைக்குமா, கிடைக்காதா?” பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்பினால் மகன் படித்துக் காட்டுவான் என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கிடைக்கும் என்று நான் சொன்னால் அது பொய். கிடைக்காது என்று சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) போன்ற இடங்களில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு இரண்டு பேரை ஒட்டித்தான் வரும். திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். ஆகவே உங்கள் மகளுக்கு ‘நாற்பது சதவீத வாய்ப்பு’ என்று கணக்குப் போட்டுக் கொடுத்து இரண்டரை லட்சம் கேட்டாரே ஒருவர், அவரிடம் மறுபடி போகாதீர்கள். அந்த நாற்பதை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை. அப்படி ஒரு கணக்குப் போட யாராலும் முடியாது. வீட்டுமனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அடுத்து, உங்களைக் குழப்பிய ‘முதல் தலைமுறை’ விஷயம். மூத்தவன் கடலூரில் பி.காம். முடித்துவிட்டான், பிறகு இவள் எப்படி முதல் தலைமுறை ஆவாள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நம் அரசு தரும் முதல் பட்டதாரி சலுகைக்கு, உடன்பிறந்தவர்களில் ஒருவர் பட்டம் பெற்றிருந்தாலே தகுதி போய்விடும். அந்தச் சான்றிதழ் இவளுக்குக் கிடைக்காது. தாசில்தார் அலுவலகத்துக்கு அதற்காக அலைய வேண்டாம். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தாய் தந்தையின் படிப்பை மட்டுமே பார்க்கின்றன. நீங்கள் எட்டாம் வகுப்பு, அவர் ஐந்தாம் வகுப்பு. அண்ணன் பட்டதாரி என்பதால் எதுவும் மாறாது. அவர்கள் கணக்கில் இவள் முதல் தலைமுறைதான். அண்ணன் படித்ததை மறைக்கவும் தேவையில்லை, உள்ளபடியே எழுதலாம்.

ஆனால் அதை நம் ஊர் இடஒதுக்கீடு போல நினைத்துவிடக் கூடாது. இங்கே ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடம் என்றால் அது சட்டம். மதிப்பெண் இருந்தால் பட்டியலில் பெயர் வந்தே தீரும். அங்கே முதல் தலைமுறைக்கு என்று தனியாக இடம் எதுவும் கிடையாது. விண்ணப்பத்தைப் படிக்கிறவர், இந்தப் பெண் எந்த வீட்டிலிருந்து, எந்தப் பள்ளியிலிருந்து, என்ன வசதியோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று நிதானமாகப் பார்ப்பார். ஆய்வக வசதி குறைவான பள்ளி என்றால் அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிடைக்கும் பலன் அவ்வளவுதான். அது சிறிய விஷயமும் அல்ல.

இதையொட்டி ஒன்று. புதுச்சேரியில் இருக்கும் உங்கள் நாத்தனார், பிளஸ் டூவை அங்கே சேர்த்துப் படிக்க வைத்தால் ‘பாண்டிச்சேரி கோட்டா’ கிடைக்கும் என்று சொன்னாராம். செய்துவிடாதீர்கள். நம் 7.5 சதவீதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. ஒரு வருடம் அங்கே மாறினாலும் இத்தனை வருடம் இங்கே படித்ததன் பலன் போய்விடும். புதுச்சேரிக்கு அதன் சொந்த விதிகள், சொந்தக் குடியிருப்பு நிபந்தனைகள் உண்டு. அந்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய் வாருங்கள், போதும்.

இப்போது பணம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். அங்குள்ள பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் கோடி ரூபாய். ‘ஒரு கோடி உதவித்தொகையுடன் அமெரிக்காவில் இடம்’ என்று பத்திரிகையில் படம் போட்டுச் செய்தி வரும்போது, மீதி ஒன்றே முக்கால் கோடியை யார் கட்டுவார்கள் என்பது அதில் இருக்காது. அப்படி வந்த ஒரு கடிதத்தை நம்பி நிலத்தை அடமானம் வைத்து, இரண்டாம் வருடம் பணம் கட்ட முடியாமல் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பையன் இங்கே மறுபடி முதலாம் ஆண்டில் உட்கார்ந்தான்.

ஆகவே உங்கள் மகள் விண்ணப்பிக்க வேண்டியது விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்கு மட்டும்தான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்கள், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் தேர்ந்தெடுக்கின்றன. தேர்ந்தெடுத்த பிறகு, குடும்பத்தால் முடியாத செலவு முழுவதையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்டாலே வெளிநாட்டு மாணவருக்கு வாய்ப்பு குறையும். கொடுத்தாலும் பல இடங்களில் பாதிதான் கொடுப்பார்கள். பாதி வந்தால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. வசதி குறைந்த மாணவர்களை நல்ல கல்லூரிகளோடு இணைக்கும் குவெஸ்ட்பிரிட்ஜ் திட்டத்தை இணையத்தில் பார்த்தாளாம்; அது அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கும், அங்கே பள்ளியில் படிப்பவர்களுக்குமானது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் சென்னையில் அமெரிக்க அரசின் ஆதரவில் இயங்கும் எஜுகேஷன்யூஎஸ்ஏ என்ற கல்வி ஆலோசனை மையத்தில் கேட்கலாம்.

அவள் கொண்டுவந்த கட்டுரையைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்ல வேண்டும். இரண்டரை லட்சம் கேட்ட அந்த நபர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் வறுமை, கண்ணீர், கனவு என்று எல்லாம் இருந்தன. உங்கள் பெண்ணைத்தான் காணவில்லை. நான் அதை மூடி வைத்துவிட்டு, பள்ளி விட்டு வந்ததும் என்ன செய்வாய் என்று கேட்டேன். “அம்மா உடைத்த முந்திரியை எடை போட்டு எழுதுவேன்” என்றாள். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள். தேதி, எத்தனை கிலோ, அதில் முழுப்பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு, கம்பெனியில் கொடுத்த கூலி எவ்வளவு என்று பதினான்கு மாதக் கணக்கு. ஓரங்களில் உங்கள் கைரேகை கறுப்பாகப் படிந்திருந்தது. முந்திரித் தோட்டு எண்ணெயின் கறை. எந்த மூட்டையில் உடைசல் அதிகம் வருகிறது என்பதைத் தனியே சிவப்பு மையில் குறித்திருந்தாள். மூட்டைதான் காரணம், அம்மாவின் கை காரணமில்லை என்று மேஸ்திரியிடம் அந்த நோட்டைக் காட்டி, பிடித்த கூலியை வாங்கிக் கொடுத்ததைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

அம்மா, பதினாறு வயதில் இப்படி ஒரு வேலையைச் செய்த பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் எழுத வேண்டியது இதைத்தான். 650 சொல்லுக்குள், தன் ஆங்கிலத்தில், தானே எழுதட்டும். பிழையிருந்தால் பள்ளி ஆங்கில ஆசிரியை திருத்தித் தரட்டும், நானும் பார்க்கிறேன். வேறு யாரும் அதில் கை வைக்க வேண்டாம். நீங்களும், “நம் வீட்டு விஷயத்தை எல்லாம் வெளியே எழுதுவதா” என்று தடுக்காதீர்கள்.

நாட்கணக்கைப் பார்த்தால், விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஜனவரி முதல் வாரத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை எழுத வேண்டும். முடிவு பெரும்பாலும் மார்ச்சில் வரும், அவள் பொதுத்தேர்வு எழுதும் சமயத்தில். அதனால் டிசம்பருக்குள் இந்த வேலையை முடித்துவிட்டு, பிறகு அதை மறந்து பாடத்தில் உட்கார வேண்டும். இயற்பியலில் அவள் வாங்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் இங்கே பொறியியல் தரவரிசையில் எண்ணப்படும். 7.5 சதவீதத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்கில் விழும். இதை ‘அது கிடைக்காவிட்டால் இது’ என்ற தொனியில் வீட்டில் பேசாதீர்கள். கணிதத்தில் அவளுக்கு இருக்கும் பிடிப்புக்கு இது முதல் தரமான இடம். சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பு பற்றியும் சொன்னேன். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு இல்லாமல் அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு மூலம் சேரலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதைக் கூடவே படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உடனே செய்ய வேண்டியது பாஸ்போர்ட். பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்துதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக வரும். தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் கொடுக்க வேண்டும். இதில் தடுக்கி விழுந்த பிள்ளைகள் உண்டு. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். அவர் மண்டியில் பலாப்பழம் இறக்கும் கூலிக்குச் சீட்டு எதுவும் கிடையாது என்றீர்கள். மண்டிக்காரரிடம் மாதம் சராசரி எவ்வளவு என்று ஒரு கடிதம் எழுதி வாங்கினால் போதும். ஆங்கிலத்தில் நான் மொழிபெயர்த்துத் தருகிறேன்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பலா சீசனில் அன்றைக்குக் கூலி போகும் என்றால், நீங்கள் இருவர் வந்தாலே போதும், அவரிடம் நான் போனில் பேசிக்கொள்கிறேன்.