லினக்ஸ் போட்டாயிற்று, இனி என்ன? வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புதிதாக லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியைப் பற்றியவை. உபுண்டு 24.04, அதன்மேல் கட்டப்பட்ட லினக்ஸ் மின்ட் 22 ஆகிய இரண்டு லினக்ஸ் வகைகளையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும்.

நேற்றுத்தான் உபுண்டு போட்டேன். தீம் மாற்று, ஐகன் மாற்று என்று வீடியோக்கள் ஆளுக்கொன்று சொல்கின்றன. இணையம் கைத்தொலைபேசி டேட்டாவில்தான். எதில் தொடங்குவது?
பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

தீமைக் கடைசிக்கு வையுங்கள். முதல் வேலை டேட்டாவுக்குப் பூட்டுப் போடுவது. செற்றிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போய், உங்கள் ஹொட்ஸ்பொட் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கரத்தை அழுத்தி, ‘மீற்றர்ட் கனெக்‌ஷன்’ (அளவிட்ட டேட்டா இணைப்பு) என்ற பெட்டியில் சரி போடுங்கள். அது மட்டும் போதாது. உபுண்டுவில் ஃபயர்ஃபொக்ஸ் உலாவி ஸ்னப் என்ற வகைப் பொதியாக (மென்பொருள் தொகுப்பாக) வருகிறது. ஸ்னப் ஒரு நாளில் நான்கு தடவை தானாகவே புதுப்பிப்புத் தேடும். ‘சுடோ ஸ்னப் செட் சிஸ்டம் ரிஃப்ரெஷ்.மீற்றர்ட்=ஹோல்ட்’ என்று கொடுத்தால் மீற்றர்ட் இணைப்பில் அது கைவைக்காது.

அடுத்தது அப்டேட். நீங்கள் பென் டிரைவில் எடுத்த பதிப்பு எத்தனை மாதம் பழையதோ, அத்தனை மாதத்துப் புதுப்பிப்பும் ஒரேயடியாக வரும். பல நூறு எம்பி ஆகலாம். வளாக வைஃபையில் வைத்துச் செய்துவிடுங்கள். பற்றரியை நம்பி இந்த வேலையைத் தொடங்கவேண்டாம். நடுவில் அணைந்தால் பொதிகள் அரைகுறையாக நிற்கும், அடுத்த முறை கணினி ஒழுங்காக எழும்பாமலும் போகலாம். அப்படி நடந்துவிட்டால் திரும்ப நிறுவத் தேவையில்லை. கணினியைப் போட்டவுடன் எஸ்கேப் விசையை ஒரு தடவை மட்டும் தட்டுங்கள். பல தடவை தட்டினால் பட்டியலைத் தாண்டி வெறும் கட்டளை வரிக்குப் போய்விடும். வருகிற பட்டியலில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அதற்குள் ரிகவரி மோட், அதற்குள் ‘டிபிகேஜி’ என்ற வரியைத் தேர்ந்தால் பாதியில் நின்றதை அதுவே முடித்துவைக்கும்.

அப்டேட் முடிந்த கையோடு டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் மூலம் ஒரு ஸ்னப்ஷொட் (சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் பிரதி) எடுங்கள். மின்ட்டில் இது கூடவே வருகிறது, உபுண்டுவில் இன்ஸ்டோல் செய்யவேண்டும். ‘ஆர்சிங்க்’ முறையைத் தெரிவுசெய்யுங்கள். முதல் ஸ்னப்ஷொட் சிஸ்டம் பிடித்திருக்கும் அளவுக்கே இடம் கேட்கும், அதன்பின் எடுப்பவை மாறிய கோப்புகளுக்கு மட்டுந்தான். வட்டு சிறியதென்றால் இரண்டை மட்டும் வைத்திருங்கள். ஒன்றை மறக்கவேண்டாம்: இயல்பாக இதில் உங்கள் ஹோம் கோப்புறை சேராது. ஆய்வுக் கட்டுரையும் படங்களும் காப்பாற்றப்படவில்லை, அவற்றுக்கு வேறாகப் பிரதி எடுக்கவேண்டும். ஸ்னப்ஷொட் கையில் இருக்குமானால் தீமோ எக்ஸ்டென்ஷனோ எதைப் போட்டுக் குழப்பினாலும் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துவிட்டேன். ஆனால் ‘ப’வை இருமுறை தட்டினால் ‘ப்ப’ வராமல் ‘பப’ என்று நிற்கிறது. வின்டோஸில் சரியாக வந்தது. என்ன பிழை?
ஆசிரியை, சாவகச்சேரி

உங்களுடைய பிழை இல்லை. லினக்ஸில் தமிழ்99 என்ற பெயரில் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு பேர் தடுமாறுகிறார்கள்.

செற்றிங்ஸில் முதலில் கண்ணில் படுவது எக்ஸ்கேபி வகை. அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறியும், முன்னால் என்ன தட்டினீர்கள் என்று திரும்பிப் பார்க்காது. ஆகவே புள்ளி தானாக விழாது. உயிரெழுத்துக்கு ஒரு தட்டு, அதன் குறிக்கு வேறொரு தட்டு என்று பிரிந்துதான் நிற்கும். தமிழ்99இன் உயிரே முன்னெழுத்தைப் பார்த்து அடுத்ததை முடிவுசெய்வதுதான். அந்த விதிகளை அறிந்தது எம்17என் என்ற தொகுதி. பன்மொழியாக்கம் என்பதற்கான நீண்ட ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து எம், கடைசி எழுத்து என், இடையில் 17 எழுத்துகள். பெயர் அப்படித்தான் வந்தது.

‘சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் ஐபஸ்-எம்17என்’ என்று கொடுங்கள். முடிந்ததும் லொக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைத் தவறவிட்டால் பட்டியலில் புதிய பெயர் தோன்றாது, ஏனென்றால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் புதியதை அறியாது. பிறகு செற்றிங்ஸ், கீபோர்ட், இன்புட் சோர்சஸ், கூட்டல் குறி, மூன்று புள்ளி, தமிழ். அங்கே ‘தமிழ்99’ என்பதன் அருகே அடைப்புக்குறிக்குள் எம்17என் என்று இருப்பதைத் தெரிவுசெய்து, முன்பு சேர்த்த எக்ஸ்கேபியை நீக்கிவிடுங்கள். மின்ட்டில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் சினாப்டிக் என்ற நிறுவும் மென்பொருளில் போட்டு, மெனுவில் ‘இன்புட் மெதட்’ திறந்து ஐபஸைத் தெரிவுசெய்து, லொக் அவுட் செய்து வந்தபின் ஐபஸ் ப்ரெஃபரன்சஸில் தமிழைச் சேர்க்கவேண்டும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ‘யாழ்ப்பாணம்’ என்று தட்டுங்கள்: ய, ஆ, ழ, புள்ளி, ப, ப, ஆ, ண, ம, புள்ளி. பத்துத் தட்டு. நடுவில் வரும் ‘ப்’புக்குப் புள்ளி நீங்கள் போடவில்லை, அது தானாக விழுந்திருக்கவேண்டும். ‘சங்கு’ என்பதற்கு ச, ங, க, உ போதும், இனவெழுத்துகளுக்கு இடையிலும் புள்ளி தானாக வரும். இதற்கு எதிரான தேவையும் உண்டு. ‘மமதை’ போன்ற சொல்லில் புள்ளி விழக்கூடாது. முதல் ‘ம’வுக்குப் பின் ‘அ’வைத் தட்டினால் அந்த விதி அங்கே நின்றுவிடும்.

மாணவர்களுக்குக் காட்டும்போது இரண்டு விடயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கில விசைப்பலகை பட்டியலில் எப்போதும் முதலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் உள்நுழையும் திரையில் கடவுச்சொல் தமிழில் விழுந்து ‘பிழை’ என்று திருப்பி அனுப்பும். அடுத்தது, அதே கீபோர்ட் பக்கத்தில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி மொழி வைக்கும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் லிப்ரே ஒபிஸில் தமிழும் உலாவியில் ஆங்கிலமும் தத்தம் இடத்திலேயே நிற்கும். மாற்றுவதற்கு சூப்பர் விசையோடு ஸ்பேஸ்பார்.

தட்டச்சுப்பொறியில் பழகிய கைக்குத் தமிழ்99 கடினம். இலங்கையின் தமிழ் விசைப்பலகைத் தர நியமமான எஸ்எல்எஸ் 1326 ரெங்கநாதன் அமைப்பையே கொண்டது. அதுவும் எம்17என் பட்டியலில் ‘ரெங்கநாதன்’ என்ற பெயரிலேயே கிடைக்கும்.

அச்சகத்தில் பதினைந்து வருடத்துக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. லினக்ஸில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. அழிந்துவிட்டனவா?
அச்சக உரிமையாளர், சுன்னாகம்

ஒன்றும் அழியவில்லை. பாமினிக் கோப்பின் உள்ளே இருப்பது என்றுமே ஆங்கில எழுத்துதான். ‘அம்மா’ என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தை வரைகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளிருப்பது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

பழைய கணினியிலிருந்து பாமினியின் டிடிஎஃப் கோப்பைப் பிரதி எடுத்து வந்து, இரட்டைக் கிளிக் செய்து ‘இன்ஸ்டோல்’ கொடுங்கள். லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் தமிழ் தெரியும். ஆனால் திறந்தவுடன் திருத்தத் தொடங்கவேண்டாம். டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போய், வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவையும், மேற்கோள் குறிகளை மாற்றும் தெரிவையும் முதலில் நிறுத்துங்கள். பாமினியில் சிறிய ‘எஃப்’ என்றால் க, பெரிய ‘எஃப்’ என்றால் கு. ‘கண்ணன்’ என்று தொடங்கும் வாக்கியத்தை மென்பொருள் நல்லெண்ணத்தோடு திருத்தினால் ‘குண்ணன்’ ஆகிவிடும். கலியாண அழைப்பிதழில் இப்படி ஒரு பெயர் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பழையதை அப்படியே வைத்து அச்சிட இது போதும். புதிய வேலைகளை மட்டுமாவது யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்கிறோம். பாமினியில் உள்ளதைத் தேடவும் முடியாது, தொலைபேசிக்கு அனுப்பினால் வாசிக்கவும் முடியாது. எழுத்துரு தொலைந்தால் அதோடு வாசிப்பும் போயிற்று. மாற்றும் கருவிகளைப் பயன்படுத்தும்போது முழுக் கோப்பையும் ஒரேயடியாக ஒட்டவேண்டாம். இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாவற்றையும் அது தமிழாக்கிக் குழப்பிவிடும். பாமினியில் உள்ள பந்தியை மட்டும் எடுத்து மாற்றி, மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

வின்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு வின்டோஸ் காலை ஒன்பதரை காட்டுகிறது. டி டிரைவிலும் லினக்ஸால் எழுத முடியவில்லை.
வாசகர், மானிப்பாய்

வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம். மதர்போர்டிலுள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், வின்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கும். லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒருமுறை கொடுத்தால் இருவரும் ஒத்துப்போவார்கள். டி டிரைவ் பிரச்சினைக்குக் காரணம் வின்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் விடுவதால், அந்தப் பகுதியை லினக்ஸ் வாசிக்க மட்டுமே திறக்கும். வின்டோஸ் கொன்ட்ரோல் பனலின் பவர் ஒப்ஷன்ஸில் அதை நிறுத்துங்கள்.

வைஃபை பெயர் ஒன்றுமே தெரியவில்லை. டிரைவர் இறக்கவும் இணையம் வேண்டுமே?
வாசகி, பருத்தித்துறை

அன்ட்ரொய்ட் தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து, ஹொட்ஸ்பொட் பகுதியில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் மலிவு வயர் இதற்குச் சரிவராது. பிறகு மின்ட்டில் டிரைவர் மனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் திறந்து காட்டுவதைப் போடுங்கள். புரோட்கொம் வைஃபை உள்ள பழைய மடிக்கணினிகளுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். செக்கியூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கினால் இன்ஸ்டோல் செய்யும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று சில விநாடி மட்டும் நிற்கும். அங்கே ஏதாவது விசையைத் தட்டி, ‘என்ரோல் எம்ஓகே’, கன்டினியூ, யெஸ் என்று போய் அதே கடவுச்சொல்லைக் கொடுக்கவேண்டும். பயந்து விட்டுவிட்டால் டிரைவர் வட்டில் இருக்கும், ஆனால் ஏறாது.

பாவித்த திங்க்பேட் ஒன்று வாங்கினேன். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கிறது. பற்றரி கெடாமல் இருக்க என்ன செய்யலாம்?
வாசகர், நல்லூர்

லித்தியம் பற்றரியைத் தேய்ப்பது, நூறு வீதத்திலேயே சூட்டில் வைத்திருப்பதுதான். நம் ஊர் வெயிலில் இது இன்னும் மோசம். டிஎல்பி என்ற மின்சேமிப்புப் பொதியைப் போடுங்கள். உபுண்டுவில் ஏற்கெனவே உள்ள பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனை அது அகற்றும். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் அது சரியே. பின்பு இடிசி கோப்புறையிலுள்ள டிஎல்பி கொன்ஃப் கோப்பில் ‘ஸ்டார்ட் சார்ஜ் த்ரெஷ்’, ‘ஸ்டொப் சார்ஜ் த்ரெஷ்’ என்று தொடங்கும் வரிகளின் முன்னுள்ள ஹாஷ் குறியை நீக்கி, 75, 80 என்று வையுங்கள். டி440 முதல் டி480 வரையான பல மொடல்களில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பற்றரி உண்டு. வரிகளின் முடிவில் பற்0 என்றிருப்பது போலவே பற்1 என்றிருப்பதையும் மாற்றவேண்டும். கடைசியில் ‘சுடோ டிஎல்பி ஸ்டார்ட்’. மறுநாள் மின்தடை என்று அறிவித்திருந்தால் முதல் நாளிரவு ‘சுடோ டிஎல்பி ஃபுல்சார்ஜ்’ கொடுங்கள், அந்த ஒரு தடவைக்கு முழுதாக ஏற்றும்.

4 ஜிபி ரமில் உலாவி திறந்தாலே திணறுகிறது.
வாசகி, கொக்குவில்

‘இசட்ரம்-டூல்ஸ்’ போடுங்கள். ரமின் ஒரு பகுதியைச் சுருக்கி வைத்து இடம் தரும். போட்டு அப்படியே விட்டால் வெறும் 256 எம்பியோடு நிற்கும். பலர் ‘பயனில்லை’ என்று கைவிடுவது இதனால்தான். இடிசிக்குள் டிஃபோல்ட் கோப்புறையில் ‘இசட்ரம்ஸ்வப்’ கோப்பைத் திறந்து, ‘பெர்சன்ட்=50’ வரியின் ஹாஷ் குறியை நீக்கி, கணினியை மீள ஆரம்பியுங்கள். ‘இசட்ரம்சிடிஎல்’ என்று தட்டினால் கிட்டத்தட்ட 2 ஜிபி காட்டவேண்டும்.

அச்சிட்டால் கீழ்வரி வெட்டுப்படுகிறது. பிரிண்டர் புதியது.
ரியூசன் நிலைய ஆசிரியர், சங்கானை

நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலம் கொடுத்திருப்பீர்கள். அதனால் தாள் அளவு லெட்டர் ஆகிவிட்டது: 216க்கு 279 மில்லிமீற்றர். நீங்கள் வைக்கும் ஏ4 தாளோ 210க்கு 297. ரீஜன் அன்ட் லாங்குவேஜில் ‘ஃபோர்மட்ஸ்’ என்பதை ஐக்கிய இராச்சியம் ஆக்கி லொக் அவுட் செய்து வாருங்கள், திகதியும் நாள், மாதம் என்ற ஒழுங்குக்கு வரும். பிரிண்டர் அமைப்பிலும் தாளை ஏ4 ஆக்குங்கள். முன்பு தயாரித்த வினாத்தாள்கள் லெட்டராகவே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து ஃபோர்மட் மெனுவின் பேஜ் ஸ்டைலில் மாற்றத்தான் வேண்டும்.