ஞாயிறு வகுப்பும் வீட்டுப்பாடமும்

வணக்கம் ஐயா,

மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில் கோவில் வகுப்பு ஒன்றில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பதினோரு வயது. எல்லார் வீட்டிலும் பேசுவது கிரியோல் மொழிதான். அப்பா அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தாத்தா பாட்டிக்குச் சில சொற்கள் தெரியும். வாரம் பத்துச் சொல் கொடுத்து, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதி வரச் சொல்வேன். பாதிப் பேர் எழுதுவதில்லை. எழுதி வருகிறவர்களின் நோட்டு அழகாக இருக்கிறது, கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பெரிய பிள்ளைகள் வாக்கியங்களைப் போனில் மொழிபெயர்த்து எழுதி வந்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு தாய், "பள்ளிக்கூடம், லெசோன் (டியூஷன்) என்று பிள்ளைக்கு ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை. தமிழுக்கும் தேவ்வார் (வீட்டுப்பாடம்) வேண்டுமா? நிறுத்திவிடுங்களேன்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நிறுத்தாதீர்கள். ஆனால் இப்போது கொடுக்கிற வீட்டுப்பாடத்தை மாற்றியே ஆக வேண்டும்.

அந்தத் தாய் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளை பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்க வேண்டும். பள்ளி விட்டதும் லெசோன். பிள்ளை வீடு வந்து சேரும்போதே களைத்துப் போயிருக்கும். ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியிட்ட தொகுப்பில், உயர்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெரிகிற தொடர்பு சின்ன வகுப்புகளில் அந்த அளவுக்குத் தெரியவில்லை என்றுதான் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தைக் குவிப்பதற்கு அதில் ஆதரவு கிடையாது.

இருந்தும் நிறுத்தாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும் நிறுவனம், தமிழைக் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. வேலைக்குப் போதுமான தமிழ் வர 44 வாரம், 1100 வகுப்பு மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. வீட்டில் படிப்பது அதற்கு மேல் தனி. நீங்கள் வருஷத்துக்கு நாற்பது ஞாயிறு வகுப்பு எடுத்தாலும் 80 மணி நேரம்தான் ஆகிறது. அதே 1100 மணி நேரத்தைத் தொட கிட்டத்தட்ட 14 வருஷம் ஆகும். பிள்ளைகளுக்கு அதிகாரிகளின் இலக்கு தேவையில்லை, சரி. ஆனால் மொரீஷியஸில் தமிழைத் தெருவில் கேட்டுப் பழக முடியாது. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது. ஆனால் பஸ்ஸிலோ கடையிலோ தமிழில் ஒரு பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்கள் மாணவர்களுக்கு வருவதே இல்லை. ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவில் ஆறு நாள் முழுக்க இடைவெளி.

அந்த ஆறு நாளில்தான் மறதி வேலை செய்கிறது. ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. புதிதாகக் கேட்ட ஒரு தமிழ்ச்சொல், பொருள் மனதில் ஒட்டாத வரைக்கும், உங்கள் மாணவருக்கு அப்படிப்பட்ட அசைதான். ஞாயிறு சொன்னதைத் திங்களோ செவ்வாயோ ஒரு தடவை நினைவுக்குக் கொண்டுவந்தால் அது தங்கும். சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் ஞாயிறு காலை வரைக்கும்தான் தாங்கும்.

இப்போது உங்கள் பத்து முறைக்கு வருகிறேன். பிள்ளைகள் அதை எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். 'மரம்' என்று பத்து முறை எழுதச் சொன்னால், முதலில் மேலிருந்து கீழே பத்து 'ம'. அப்புறம் அதன் பக்கத்தில் பத்து 'ர'. கடைசியாகப் பத்து 'ம்', புள்ளிகளை மட்டும் தனியாக ஒரே வீச்சில். பக்கம் அழகாக நிறைந்துவிடும். மரம் என்ற சொல் அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு தடவைகூட வந்திருக்காது. எழுத்து கைக்குப் பழகும் முதல் சில மாதங்களுக்கு இது உதவும், அதை மறுக்கவில்லை. சொல்லைக் கற்க உதவாது. பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நினைக்காதீர்கள். கேட்டதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாமோ அவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

பார்த்து எழுதுவதற்குப் பதில், பார்க்காமல் நினைவுபடுத்தச் சொல்லுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் செய்த ஒரு சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள்தான் முந்தினார்கள். உங்களுக்கு வேண்டியதும் சரியாக அந்த ஒரு வாரம்தான்.

செய்முறை எளிது. வகுப்பிலேயே சிறு அட்டைகளில் ஒரு பக்கம் தமிழ்ச்சொல்லும் மறுபக்கம் படமும் பிள்ளைகளே போட்டுக்கொள்ளட்டும். படத்துக்கு அடியில் பெற்றோருக்காகத் தமிழ் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிரியோலில் கேட்பார், பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று பார்க்க அந்த ரோமன் வரி அம்மாவுக்குப் போதும். ரோமன் எழுத்து வந்தால் தமிழ் எழுத்து போய்விடும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பிள்ளை கையில் ரோமன் வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் தமிழ் தெரியாத ஒரு தாயைப் பிள்ளையின் படிப்புக்கு வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது. வீட்டில் தமிழ் தெரிந்தவர் இருந்தால்தான் முடியும் என்கிற வீட்டுப்பாடம், இந்த ஊரில் பெரும்பாலான பிள்ளைகளைக் கைவிடுகிற வீட்டுப்பாடம்.

சொற்களைவிட எனக்குப் பெரிய கவலை வினைமுற்று. கிரியோலில் 'மோ தி வினி', 'லி தி வினி', 'நூ தி வினி': ஆள் மாறினாலும் வினை மாறாது. தமிழில் வந்தேன், வந்தாள், வந்தோம் என்று ஒவ்வொன்றுக்கும் வால் மாறுகிறது. 'அவள் வந்தேன்' என்று பிள்ளை சொல்வது இதனால்தான். விதியை விளக்கி இதைத் தீர்க்க முடியாது, வாய்க்குப் பழக வேண்டும். அதனால் வாரத்தில் ஒரு நாள் எழுத்தே வேண்டாம். 'நேற்று என்ன சாப்பிட்டாய்? யார் வந்தார்கள்? எங்கே போனாய்?' என்று மூன்று கேள்விகளை வாட்ஸப்பில் உங்கள் குரலில் அனுப்புங்கள். 'நான் ஃபராத்தா சாப்பிட்டேன், பாட்டி வந்தார்கள்' என்று பிள்ளை அம்மாவின் போனிலிருந்து குரலில் பதில் அனுப்பட்டும். போனில் மொழிபெயர்க்கும் பழக்கமும் இதில் தானாகக் குறையும். நேற்றுத் தன் வீட்டில் நடந்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டும், வாசித்து ஒப்பித்தால் உங்கள் காதுக்கு உடனே தெரிந்துவிடும். எல்லாப் பதிலையும் திருத்தி மாளாது. ஒரு பதிலுக்கு ஒரே ஒரு திருத்தம் போதும்.

செய்யாத பாதிப் பேரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்டனை, கூடுதல் பக்கம் எதுவும் வேண்டாம். கோவில் வகுப்புக்கு வருவது கட்டாயம் இல்லை, பயம் வந்தால் வருவதையே நிறுத்திவிடுவார்கள். வகுப்பின் முதல் பதினைந்து நிமிடத்தை அட்டைகளுக்கே ஒதுக்குங்கள். இருவர் இருவராக ஒருவரை ஒருவர் கேட்கட்டும். வீட்டில் செய்யாதவர்கள் அங்கே செய்வார்கள். வீட்டில் செய்தது வகுப்பில் பயன்படுகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளைதான் அடுத்த வாரம் செய்துகொண்டு வரும். நோட்டில் சரி போட்டு மூடிவைத்தால் அது நடக்காது.

காவடி விரத நாட்களில் புதிதாக எதுவும் கொடுக்காதீர்கள். மாலையில் பிள்ளைகள் கோவிலில்தான் இருப்பார்கள். பால்குடம், விபூதி, வேல், மாலை என்று காதில் விழுவதையெல்லாம் அட்டையாக்கச் சொன்னால் போதும்.

அந்தத் தாயிடம், வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று நேரிலேயே சொல்லிவிடுங்கள். அவரும் அட்டையைப் பிடித்துக்கொண்டு கூட உட்கார வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வருகிற ஞாயிறே தொடங்கலாம். பத்துச் சொல் அதிகம், ஆறு போதும்.

அன்புடன்.